ஃபிரெடி போன வழியில்: உலகப் பெருங்கடல்களின் புயல்களைப் பின்தொடரத் தொடங்குவோருக்கு

2023 பிப்ரவரி 6 அன்று ஆஸ்திரேலியாவின் வடமேற்கே நடுக்கடலில் உருவான ஒரு புயலுக்கு அந்நாட்டு வானிலைத் துறை ‘ஃபிரெடி’ என்று பெயர் வைத்தது. அந்தப் புயல் இந்தியப் பெருங்கடலைக் கிழக்கிலிருந்து மேற்காக முழுவதும் கடந்து, பிப்ரவரி 21 அன்று மடகாஸ்கரிலும் 24 அன்று மொசாம்பிக்கிலும் கரையேறியது. நிலத்தில் ஓய்ந்துவிடும் என்று பார்த்தால், மறுபடி கடலுக்குத் திரும்பி மொசாம்பிக் கால்வாயில் வலுப்பெற்று, மார்ச் 11 அன்று அதே மொசாம்பிக்கில் இரண்டாம் முறையாகக் கரையைக் கடந்தது. அதன் மழையில் மலாவியில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். வெப்பமண்டலப் புயல் என்ற நிலையில் அது 36 நாட்கள் இருந்தது என்றும், பதிவானவற்றில் இதுவே மிக நீண்ட ஆயுள் என்றும் உலக வானிலை அமைப்பு பிறகு உறுதிசெய்தது. அதற்கு முந்தைய சாதனை 1994-இல் பசிபிக்கில் சுற்றிய ‘ஜான்’ புயலுடையது. அது 30 நாட்களுக்குச் சற்றே குறைவு.

உலகப் புயல்களைக் கண்காணிக்கப் பழகுபவருக்கு ஃபிரெடியைவிட நல்ல பாடம் கிடையாது. அதிகார எல்லை மாறியது, அளவுகோல் மாறியது, செத்ததாக நினைத்தது எழுந்து வந்தது. புதியவர்கள் தடுமாறும் இடங்கள் எல்லாம் அந்த ஒரே பாதையில் வந்துபோகின்றன. அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் அதையே அடிக்கடி துணைக்கு அழைத்திருக்கிறேன்.

ஒரு பழக்கத்தை மட்டும் முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். புயலைப் பற்றி எந்த எண் கண்ணில் பட்டாலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். யார் சொன்னது? காற்றின் வேகம் என்றால் எத்தனை நிமிடச் சராசரி (ஆறாம் படியில் வரும்)? எந்த நேரத்துக்கு உரியது? இந்த மூன்றும் தெரியாத எண்ணை ஒதுக்கிவிடலாம்.

முதல் படி: எந்தக் கடலுக்கு யார் பொறுப்பு?

உலக வானிலை அமைப்பு கடல்களைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. வங்காள விரிகுடாவும் அரபிக் கடலும் புது தில்லியில் உள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பொறுப்பு. மேற்குப் பசிபிக்கும் தென்சீனக் கடலும் டோக்கியோவைச் சேர்ந்தவை. அட்லாண்டிக்கும் கிழக்குப் பசிபிக்கும் மயாமியில் உள்ள அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையத்துக்கு. மேற்குத் தீர்க்கரேகை 140-க்கும் சர்வதேசத் தேதிக் கோட்டுக்கும் இடைப்பட்ட நடுப் பசிபிக் ஹொனலூலுவுக்கு. தென்மேற்கு இந்தியப் பெருங்கடலைப் பிரெஞ்சு வானிலைத் துறை ரீயூனியன் தீவிலிருந்து கவனிக்கிறது. தென்கோளத்தில் 90 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையிலிருந்து 160 வரை பெரும்பகுதி ஆஸ்திரேலியாவுக்கும், அதற்குக் கிழக்கே ஃபிஜியின் நாடி மையத்துக்கும் உரியது. ஜகார்த்தா, போர்ட் மோர்ஸ்பி, வெலிங்டன் மையங்களுக்கும் சிறு சிறு பங்கு உண்டு.

ஃபிரெடி 90 டிகிரி கோட்டைத் தாண்டியதும் ஆஸ்திரேலியா கைகழுவி, ரீயூனியன் பொறுப்பேற்றது. பெயர் மட்டும் மாறவில்லை. இப்படி எல்லை கடக்கும் புயலைத் தொடரும்போது, பழைய மையத்தின் பக்கத்தையே திறந்து வைத்துக்கொண்டு ‘புயல் மறைந்துவிட்டது’ என்று நினைப்பவர்கள் பலர். புயல் எல்லையை நெருங்கும்போதே அடுத்த மையத்தின் பக்கத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் ‘டோரா’ கிழக்குப் பசிபிக்கில் கிளம்பி, நடுப் பசிபிக் வழியாகத் தேதிக் கோட்டைத் தாண்டி மேற்குப் பசிபிக்கில் நுழைந்தது. ஒரே பெயர், மூன்று மையங்கள். நம் பக்கத்தில் 2019 ஜனவரியில் ‘பபுக்’ தென்சீனக் கடலிலிருந்து தாய்லாந்தைத் தாண்டி அந்தமான் கடலுக்கு வந்தபோது, டோக்கியோவின் கையிலிருந்து தில்லியின் கைக்கு மாறியது.

இவை தவிர, ஹவாயின் பேர்ல் ஹார்பரில் அமெரிக்க ராணுவத்தின் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் அது தனியாகத் தன் கணிப்பை வெளியிடும். அதற்கு எந்த நாட்டின் மக்களுக்கும் எச்சரிக்கை விடும் அதிகாரம் இல்லை. அதன் வரைபடங்களே சமூக ஊடகங்களில் அதிகம் சுற்றுகின்றன என்பதால் புதியவர்கள் அதை அதிகாரபூர்வம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அருமையான மூலம், அவ்வளவுதான். உங்கள் ஊரில் வீட்டை விட்டு வெளியேற வேண்டுமா என்பதை உங்கள் நாட்டு மையமும் மாவட்ட நிர்வாகமும் சொல்லட்டும்.

இரண்டாம் படி: எப்போது, எங்கே பார்ப்பது?

அட்லாண்டிக் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. கிழக்குப் பசிபிக்கில் மே 15-லேயே தொடங்கிவிடும். மேற்குப் பசிபிக்குக்கு விடுமுறையே இல்லை. உச்சம் ஆகஸ்ட், செப்டம்பர். வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் இரண்டு பருவங்கள்: பருவமழைக்கு முன் ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை, பின் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இடையில் ஜூலை, ஆகஸ்டில் மேலடுக்குக் காற்றும் கீழடுக்குக் காற்றும் எதிரெதிர் திசையில் வேகமாக வீசுவதால் புயல் நிமிர்ந்து வளர முடியாது. தென்கோளத்தில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அங்கே புயல் ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். ஃபிரெடி 2022–23 பருவத்தைச் சேர்ந்தது என்று படித்தால் குழம்ப வேண்டாம்.

கடலின் மேற்பரப்பு வெப்பம் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், நிலநடுக்கோட்டிலிருந்து குறைந்தது ஐந்து டிகிரி தள்ளியிருக்க வேண்டும் என்பவை பொது விதிகள். விதிவிலக்குகளும் உண்டு. 2001 டிசம்பரில் ‘வாமெய்’ சிங்கப்பூருக்கு அருகில், நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரி தூரத்தில் உருவானது. தென் அட்லாண்டிக்கில் புயலே வராது என்றிருந்த காலத்தில் 2004 மார்ச்சில் ‘கத்தரீனா’ பிரேசிலைத் தாக்கியது.

மூன்றாம் படி: கடிகாரத்தைத் திருத்துங்கள்

உலகெங்கும் புயல் அறிக்கைகள் சர்வதேசப் பொது நேரத்தில், அதாவது யு.டி.சி.யில் இருக்கும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஐந்தரை மணி கூட்டுங்கள். மலேசியா, சிங்கப்பூரில் இருந்தால் எட்டு மணி. முக்கிய நேரங்கள் 00, 06, 12, 18. நமக்கு அவை காலை 5.30, முற்பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30. மயாமியின் முழு அறிக்கைகள் மூன்று மணி தள்ளி, நம் காலை 8.30, பிற்பகல் 2.30, இரவு 8.30, அதிகாலை 2.30-க்கு வரும். நம் கடலில் புயல் உருவாகிவிட்டால் இந்திய வானிலை ஆய்வுத் துறை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை தரும்.

வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்புவதற்கு முன் அதில் நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். நேரம் வெட்டப்பட்ட படம் பெரும்பாலும் பழைய படம்.

நான்காம் படி: பெயருக்கு முன்பே பிடிப்பது

பெயர் வைத்த பிறகு பார்க்கத் தொடங்குவது தாமதம். சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு மேகக் கூட்டத்துக்கும் அமெரிக்க மையங்கள் 90 முதல் 99 வரை ஓர் எண்ணும், கடலைக் குறிக்கும் ஓர் எழுத்தும் கொடுக்கும். வங்காள விரிகுடாவுக்கு பி, அரபிக் கடலுக்கு ஏ, மேற்குப் பசிபிக்குக்கு டபிள்யூ, கிழக்குப் பசிபிக்குக்கு ஈ, அட்லாண்டிக்குக்கு எல், தென் இந்தியப் பெருங்கடலுக்கு எஸ், தென் பசிபிக்குக்கு பி என்று ஒலிக்கும் வேறோர் எழுத்து. ஆகவே ‘93பி’ என்று யாராவது எழுதினால் எந்தப் பி என்று கேட்டுக்கொள்ளுங்கள். 99 முடிந்ததும் மறுபடி 90-க்கு வந்துவிடும். ஒரே பருவத்தில் 93பி பல முறை வரலாம். அது புயலாகிவிட்டால் ஒன்றிலிருந்து தொடங்கும் நிரந்தர வரிசை எண் கிடைக்கும். ஃபிரெடியின் எண் 11எஸ்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை தினமும் வெளியிடும் வங்கக் கடல், அரபிக் கடல் நிலவரக் குறிப்பில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகும் வாய்ப்பைக் குறைவு, மிதம், அதிகம் என்று நாள்வாரியாகச் சொல்லும். மயாமி ஏழு நாட்களுக்கான வாய்ப்பை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் வரைந்து காட்டும். தினம் இரண்டு நிமிடம் இவற்றைப் பார்த்தால் போதும்.

பெயர்ப் பட்டியலில் நேரம் செலவழிக்காதீர்கள். வட இந்தியப் பெருங்கடலுக்கு 13 நாடுகள் தந்த 169 பெயர்கள் 2020-இல் வெளியாயின. ஒரு பெயர் ஒரு முறைதான். அட்லாண்டிக்கில் ஆறு பட்டியல்கள் சுழற்சியில் வரும். பிலிப்பைன்ஸ் தன் எல்லைக்குள் வரும் புயலுக்குத் தனிப் பெயர் வைக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்: 2013-இன் ஹையானும் யோலாண்டாவும் ஒன்றே.

ஐந்தாம் படி: செயற்கைக்கோள் படத்தைப் படிப்பது

நம் கடலுக்கு இன்சாட் வரிசை, மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கு ஐரோப்பாவின் மீட்டியோசாட், கிழக்கே ஜப்பானின் ஹிமவாரி, அமெரிக்கக் கண்டத்தின் இரு புறமும் கோஸ். ஹிமவாரி பத்து நிமிடத்துக்கு ஒரு முழுப் படம் தரும். ‘ஜூம் எர்த்’ போன்ற தளங்கள் இவற்றை ஒரே வரைபடத்தில் ஒட்டித் தருகின்றன. தொடக்கத்துக்கு அது போதும்.

வண்ணத்தில் மயங்கிவிடாதீர்கள். அகச்சிவப்புப் படத்தில் சிவப்பும் கறுப்புமாகத் தெரிவது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதே. கீழே காற்று எவ்வளவு வீசுகிறது என்பது அல்ல. மேகக் கூட்டத்தின் நடுவில்தான் புயலின் மையம் இருக்கும் என்பதும் இல்லை. மேலடுக்குக் காற்று தள்ளினால் மேகம் ஒரு பக்கம் ஒதுங்கி, மையம் வெறிச்சோடிக் கிடக்கும். இரவெல்லாம் அகச்சிவப்புப் படத்தில் மிரட்டிய புயல், விடிந்ததும் சாதாரண ஒளிப்படத்தில் சுழி வேறிடத்தில் கிடப்பதைக் காட்டி ஏமாற்றும். எனவே காலையின் முதல் ஒளிப்படத்தை தவறவிடாதீர்கள். கீழடுக்கு மேகங்கள் எதைச் சுற்றுகின்றன என்று அசையும் படத்தில் பாருங்கள். வடகோளத்தில் இடஞ்சுழி, தென்கோளத்தில் வலஞ்சுழி.

கொஞ்சம் பழகியபின் நுண்ணலைப் படங்களுக்குப் போகலாம். மேலே மூடிய மெல்லிய மேகத்தைத் துளைத்து உள்ளே மழை வளையம் கட்டுகிறதா என்று அவை காட்டும். மூடிய வளையம் தெரிந்தால் புயல் வேகமாக வலுப்பெறத் தயாராகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: வலிமை என்னும் சிக்கல்

சண்டைகள் அதிகம் நடப்பது இங்கேதான். முதலில் அலகு: ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். மனக்கணக்காக இரண்டால் பெருக்கிக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நிமிடம். காற்று ஒரே சீராக வீசுவதில்லை. எனவே எல்லாரும் சராசரிதான் எடுக்கிறார்கள். அமெரிக்கர்கள் ஒரு நிமிடச் சராசரி. இந்தியா மூன்று நிமிடம். டோக்கியோ, ரீயூனியன், ஆஸ்திரேலியா, ஃபிஜி பத்து நிமிடம். குறுகிய நேரச் சராசரியில் எண் பெரிதாக வரும். ஒரு நிமிட எண், பத்து நிமிட எண்ணைவிட ஏறத்தாழப் பத்து சதவீதம் கூடும். ஒரே புயலுக்கு ஒரே வேளையில் இரண்டு வேகங்கள் சொல்லப்பட்டால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று பொருள் இல்லை.

மூன்றாவது வகைப்பாடு. தில்லியின் வரிசை செய்தித்தாள் வாசகர்களுக்குப் பழக்கமானது: 17 நாட் முதல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 28 முதல் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 34 முதல் புயல், 48 முதல் தீவிரப் புயல், 64 முதல் மிகத் தீவிரப் புயல், 90 முதல் அதி தீவிரப் புயல், 120 முதல் சூப்பர் புயல். அமெரிக்காவின் 1 முதல் 5 வரையான வகைகள் 64 நாட்டில்தான் தொடங்கும். 5-ஆம் வகைக்கு 137 நாட். ஆஸ்திரேலியாவிலும் 1 முதல் 5 வரை உண்டு, ஆனால் அங்கே 34 நாட்டிலேயே 1-ஆம் வகை வந்துவிடும். 64 நாட் என்பது 3-ஆம் வகை. ஆஸ்திரேலியச் செய்தியில் ‘3-ஆம் வகைப் புயல்’ என்று படித்துவிட்டு அமெரிக்காவின் 3-ஆம் வகையோடு ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாகும். ஃபிரெடி உச்சத்தில் இருந்தபோது அமெரிக்கத் தரத்தில் 5-ஆம் வகையாகவும், ரீயூனியனின் சொல்லில் ‘மிக உக்கிரமான வெப்பமண்டலப் புயல்’ ஆகவும் பதிவானது.

இந்த எண்களை யாரும் கடலில் நின்று அளக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அட்லாண்டிக்கில் விமானம் புயலுக்குள் பறந்து அளக்கிறது. மேற்குப் பசிபிக்கில் அமெரிக்கா அந்த வழக்கத்தை 1987-இல் நிறுத்திக்கொண்டது. இந்தியப் பெருங்கடலில் வழக்கமான பறப்புகளே இல்லை. அங்கெல்லாம் வெர்னான் டுவோராக் 1970-களில் வகுத்த முறைதான் ஆதாரம்: மேகச் சுருளின் நீளம், கண்ணின் வெப்பம், சுற்றியுள்ள மேகத்தின் குளிர்ச்சி ஆகியவற்றைப் பார்த்து ‘டி’ எண் ஒன்று தருவார்கள். டி 2.5 என்றால் 35 நாட், 4.0 என்றால் 65, 5.0 என்றால் 90, 6.0 என்றால் 115. தில்லியின் விரிவான அறிக்கையில் இந்த டி எண் இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். பட்டப் பெயரைவிட அது நேர்மையானது. இரண்டு மையங்களின் டி எண்ணில் அரை வேறுபாடு இருப்பது சகஜம்.

ஏழாம் படி: கணிப்பை எவ்வளவு நம்புவது?

வளிமண்டலத்தின் போக்கைக் கணக்கிடும் கணினி நிரல்களை ‘மாதிரி’ என்பார்கள். ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் மாதிரி, அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ்., பிரிட்டனின் மாதிரி ஆகியவை உலகம் முழுவதற்கும் கணிக்கின்றன. ‘விண்டி’ செயலியில் விரலால் தள்ளிக்கொண்டே போனால் பத்தாவது நாளில் சென்னைக்கு எதிரே பயங்கரச் சுழி ஒன்று தெரியும். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அது பர்மாவுக்குப் போயிருக்கும் அல்லது காணாமல் போயிருக்கும். அந்தப் படத்தைப் பகிர்வது என் பார்வையில் பொறுப்பற்ற செயல்.

மாதிரி ஒரே ஒரு முறை கணக்கிட்ட தனி ஓட்டத்தைப் பார்க்காமல் கூட்டுக் கணிப்பைப் பாருங்கள். ஐரோப்பிய மையம் தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஐம்பது முறைக்கு மேல் கணக்கிட்டுத் தருகிறது. ஐம்பது கோடுகளும் ஒரே கட்டாகப் போனால் நம்பிக்கை வைக்கலாம். விரிந்து சிதறினால் யாருக்கும் தெரியாது என்றே பொருள். இன்னொன்று: கடலில் தெளிவான மையம் உருவாகும் வரை எந்த மாதிரியும் தடுமாறும். தாழ்வுப் பகுதியாக இருக்கும்போது பாதையைப் பற்றி அடித்துப் பேசுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பாதைக் கணிப்பு பல பத்தாண்டுகளில் மிகவும் தேறியிருக்கிறது. வலிமைக் கணிப்பு அந்த அளவுக்குத் தேறவில்லை. 2023 அக்டோபரில் ‘ஓட்டிஸ்’ ஒரே நாளில் சாதாரண வெப்பமண்டலப் புயலிலிருந்து 5-ஆம் வகைக்குத் தாவி, 25-ஆம் தேதி மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கியது. முந்தைய நாள் கணிப்புகளில் அந்தத் தாவல் இல்லை.

மயாமியின் கூம்பு வரைபடத்தை நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தவறாகப் படிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. கூம்பு புயலின் பருமனைக் காட்டுவதில்லை. கடந்த ஐந்தாண்டுப் பிழைகளை வைத்து, மையம் எங்கெல்லாம் போகக்கூடும் என்று போட்ட எல்லை அது. மூன்றில் இரண்டு பங்கு நேரம் மையம் அதற்குள் இருக்கும். மீதி ஒரு பங்கு நேரம் வெளியே போகும். கூம்புக்கு வெளியே இருக்கும் ஊரிலும் மழை, காற்று, கடல் சீற்றம் வரும்.

எட்டாம் படி: கரையைக் கடக்கும் இடம்

செய்திகள் எல்லாம் ‘எங்கே கரையைக் கடக்கும்’ என்பதிலேயே நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆந்திரத்தின் பாபட்லா அருகே 5-ஆம் தேதி கரையைக் கடந்தது. சென்னை மூழ்கியது அதற்கு முந்தைய இரண்டு நாட்களில், புயல் கடலில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தபோது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் காற்றளவில் மிகச் சாதாரணம். கரையேறியபின் அசையாமல் நின்றதால் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. எனவே அறிக்கையில் நகரும் வேகத்தைத் தேடுங்கள். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்று இருந்தால் காற்றின் வகைப்பாட்டை மறந்துவிட்டு மழையைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

கடல் உள்ளே புகுவது எந்தப் பக்கம் என்பதையும் வரைந்து பார்க்கலாம். மேற்கு நோக்கித் தமிழகக் கரைக்கு வரும் புயலில் மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசும். தெற்கே நிலத்திலிருந்து கடலுக்கு. மொசாம்பிக் கரைக்கு வரும் ஃபிரெடியில் இது தலைகீழ்: தெற்குப் பக்கம்தான் ஆபத்து.

கரையேறியபின் மையங்கள் ‘இறுதி அறிக்கை’ வெளியிட்டாலும் எஞ்சிய சுழியை இரண்டு மூன்று நாள் தொடருங்கள். 2018-இல் கஜா நாகை, வேதாரண்யம் பகுதியில் நுழைந்து தமிழகத்தைத் தாண்டி அரபிக் கடலில் இறங்கியது.

குறிப்பேடும் பயிற்சியும்

ஒரு நோட்டில் ஆறு பத்திகள் போடுங்கள்: யு.டி.சி. நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, காற்று (நாட், நிமிடத்தோடு), அழுத்தம், சொன்ன மையம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு வரி. ஒரு டிகிரி அட்சரேகை 111 கிலோமீட்டர் என்பதால் நகரும் வேகத்தை நீங்களே கணக்கிடலாம். தில்லி, அமெரிக்கக் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் இரண்டையும் எழுதினால் இரு வேறு மைகளில் எழுதுங்கள்.

புயல் இல்லாத நாட்களில் பழைய புயல்களில் பழகலாம். அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம் பராமரிக்கும் ‘ஐபிடிராக்ஸ்’ தொகுப்பில் எல்லாக் கடல்களின் புயல்களும், ஒவ்வொரு மையமும் சொன்ன எண்கள் தனித்தனிப் பத்திகளில், இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் ஃபிரெடியை எடுத்து வரைபடத்தில் புள்ளி வையுங்கள். பிறகு 34 நாட்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆறு மணி நேர வேகத்தையும் வர்க்கப்படுத்திக் கூட்டிப் பத்தாயிரத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு புயல் செலவழித்த ஆற்றலை ஒப்பிடப் பயன்படும் குறியீடு இது. அமெரிக்க ஒரு நிமிட வேகங்களை வைத்துக் கூட்டினால் ஃபிரெடிக்கு 80-க்கு மேல் வரும். ஒரு சராசரி ஆண்டில் அட்லாண்டிக்கின் புயல்கள் அனைத்தும் சேர்ந்தே 120-ஐ ஒட்டித்தான் எட்டுகின்றன. ரீயூனியனின் பத்து நிமிட எண்களை வைத்து மறுபடி கூட்டுங்கள். விடை குறையும், ஏன் என்று ஆறாம் படியில் இருக்கிறது.